அரை மணி நேரம் நிற்காமல் ஓடியதற்கு இவ்வளவு பெருமை தகுமா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயது நாற்பத்திரண்டு. பள்ளியை விட்ட பிறகு ஓடியதே இல்லை. ஒன்பது வாரத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, இடையில் காய்ச்சலும் அலுப்புமாகப் பதினோரு வாரத்தில் முடித்தீர்கள். போன வாரம் முதல்முறையாக முப்பது நிமிடம் நிற்காமல் ஓடினீர்கள். தூரம் மூன்றரைக் கிலோமீட்டர். ஓடி முடித்ததும் கண் கலங்கிவிட்டது. வீட்டில் சொன்னால் "இதற்கா?" என்று சிரித்தார்கள். இது சாதனைதானா, இல்லை மூளையில் ஏதோ சுரந்து ஆளை ஏமாற்றுகிறதா, இந்த உணர்வு எத்தனை நாள் தங்கும் என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "என் வேகத்துக்கு இவ்வளவு பெருமைப்படலாமா என்று கூச்சமாக இருக்கிறது." நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

நான் பதினான்கு ஆண்டுகளாகப் புதிதாக ஓட வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்துவருகிறேன். பந்தயக்காரர்களை அல்ல, பஸ்ஸைப் பிடிக்க ஓடினாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களைத்தான் பழக்குகிறேன். நான் மருத்துவனும் இல்லை, உளவியல் படித்தவனும் இல்லை. அதனால் உடலைப் பற்றிச் சொல்வதில் எது உறுதியானது, எது என் கணிப்பு என்று பிரித்தே சொல்கிறேன். உங்கள் பெருமை நியாயமானதுதான். ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக அல்ல. கூடவே, அந்தப் பெருமை அடங்காமல் இருக்கிற இந்தச் சில வாரங்கள்தான் உங்கள் கால்களுக்கு ஆபத்தான காலம்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். ஓடத் தொடங்கிய முதல் இரண்டு வாரங்களுக்குள்ளேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவின் அளவு கூடுகிறது. இதயம் ஒரு துடிப்பில் அனுப்புகிற ரத்தம் கூடுகிறது. ஆகவே அதே வேலைக்கு முன்னைவிடக் குறைவாகத் துடித்தால் போதும். அடுத்து வரும் வாரங்களில் கால் தசைகளுக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகுகின்றன. ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகுகின்றன. மாடிப்படி ஏறும்போது முன்போல் மூச்சு வாங்குவதில்லை என்று எழுதியிருந்தீர்களே, அது கற்பனை அல்ல. இவ்வளவையும் ஆய்வகத்தில் அளக்க முடியும், பலமுறை அளந்தும் இருக்கிறார்கள்.

ஆனால் உடலில் நடந்த இந்த மாற்றம் மட்டும் உங்கள் கண்ணைக் கலங்க வைத்திருக்காது என்பது என் எண்ணம். கடுமையாக நடந்திருந்தாலும், நீந்தியிருந்தாலும் இதில் பெரும்பகுதி நடந்திருக்கும். நீங்கள் வேறொன்றைக் கற்றிருக்கிறீர்கள். மெதுவாக ஓடக் கற்றிருக்கிறீர்கள்.

சிரிக்க வேண்டாம், இது கடினமான கலை. முதல் நாள் வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பள்ளிக்கூட நூறு மீட்டர்ப் பந்தயத்தில் ஓடுவதைப் போலத்தான் ஓடுகிறார்கள். ஓட்டம் என்றால் விசில் ஊதியதும் பறப்பது, அல்லது தாமதமாக வந்ததற்கு மைதானத்தைச் சுற்றிவரும் தண்டனை. இந்த இரண்டைத் தவிர அவர்கள் உடலுக்கு வேறு நினைவு இல்லை. நாற்பது நொடியில் நுரையீரல் எரியும், விலாவில் பிடித்துக்கொள்ளும், "எனக்கெல்லாம் ஓட்டம் ஒத்துவராது" என்று தீர்ப்பு எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஓட்டம் ஒத்துவராமல் இல்லை, வேகம்தான் ஒத்துவரவில்லை. பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்தான் தொடக்கக்காரருக்குச் சரியான வேகம். ஒரு வாக்கியத்தை மூன்றாக உடைத்துச் சொல்ல நேர்ந்தால் அதிகமாக ஓடுகிறார் என்று பொருள். கருவி எதுவும் வேண்டாம். நம்பகமான சோதனை, செலவும் இல்லை.

அந்த வேகத்தில்கூட முதல் ஐந்து முதல் எட்டு நிமிடம் மோசமாகத்தான் இருக்கும். அது ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது. ஓடத் தொடங்கியதும் தசை ஆற்றலைக் கேட்கிறது. ஆனால் இதயமும் நுரையீரலும் அந்த அளவுக்கு ஆக்சிஜனைக் கொண்டுசேர்க்கச் சிறிது நேரம் எடுத்துக்கொள்கின்றன. அந்த இடைவெளியில் கால் கனக்கும், மூச்சு இரைக்கும். மூச்சு முட்டுகிற அந்தத் தவிப்பு பெரும்பாலும் ஆக்சிஜன் தீர்ந்துபோனதால் வருவதல்ல. ரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றச் சொல்லி மூளை எழுப்பும் மணியோசை. புதியவர் அந்த மணியைக் கேட்டதும் தீப்பிடித்துவிட்டது என்று நினைக்கிறார். மூன்றாம் நிமிடமே இப்படி என்றால் பத்தாம் நிமிடம் என்ன ஆவேன் என்று கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கு தவறு. பத்தாம் நிமிடம் மூன்றாம் நிமிடத்தைவிட எளிதாக இருக்கும். இதை யார் சொன்னாலும் உடல் நம்பாது. தானே பலமுறை கடந்து பார்த்தால்தான் நம்பும். பதினோரு வாரமாக நீங்கள் செய்தது அதைத்தான்.

எங்கள் குழுவுக்கு ஒருமுறை ஐம்பதை ஒட்டிய வயதில் ஒரு அம்மா வந்திருந்தார். கணக்கு வழக்கில் கறாரானவர் போலிருக்கிறது, ஓடும்போது பத்து எட்டுக்கு ஒருமுறை மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்ப்பார். எட்டு நிமிடம் வரை ஓடுவார். எட்டு என்று கண்ணில் பட்டதும் கால் தானாக நின்றுவிடும். மூன்று வாரம் இப்படியே போயிற்று. ஒருநாள் காலை, "கடிகாரத்தை என்னிடம் கொடுங்கள், இன்று எண்ண வேண்டாம்" என்றேன். மனமில்லாமல் கழற்றிக் கொடுத்தார். பக்கத்தில் நானும் ஓடினேன். தன் மகளின் பரீட்சையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு இடத்தில் மூச்சு இரைத்தது, பேச்சு நின்றது, பிறகு மறுபடி ஓடிய வாக்கிலேயே தொடங்கினார். நிறுத்தச் சொன்னபோது இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. நான் சொன்னதை நம்பாமல் கடிகாரத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு குனிந்து, நன்றாகத்தான் கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து மெல்லக் கட்டத் தொடங்கினார். ஒரு காலை முடித்து அடுத்த காலையும் அவிழ்த்தார். முகத்தைக் காட்ட விரும்பவில்லை என்று புரிந்து நான் தள்ளிப் போய்விட்டேன். அன்று அவருடைய இதயம் முந்தின வாரத்தைவிட வலுவாக இருந்ததென்று நான் நம்பவில்லை. எட்டாம் நிமிடத்துச் சுவர் உடம்பில் இல்லை என்று தெரிந்துகொண்டார், அவ்வளவுதான்.

உளவியலில் இதற்குப் பெயர் உண்டு. ஆல்பர்ட் பாண்டுரா 1977-இல் எழுதிய கட்டுரையில், ஒரு வேலையைத் தன்னால் செய்ய முடியும் என்கிற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்து நான்கு ஊற்றுகளைக் காட்டினார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், தன் உடல் தரும் சைகைகளுக்குத் தான் கொள்ளும் பொருள். இவற்றில் வலுவானது முதலாவது. ஓட்டத்தில் முதலாவதும் நான்காவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன என்பது என் கவனிப்பு. நேற்று வரை ஆபத்து என்று படித்த சைகையை இன்று உழைப்பு என்று படிக்கிறீர்கள். அப்படிப் படித்ததால் ஓடி முடிக்கிறீர்கள்.

நீங்கள் பின்பற்றிய ஒன்பது வாரத் திட்டமும் இந்த உண்மையின் மேல்தான் நிற்கிறது. ஜாஷ் கிளார்க் என்பவர் 1996-இல் உருவாக்கியது. தன் தாயை ஓட வைக்கும் எண்ணமும் அதற்கு ஒரு காரணம். முதல் வாரம் அறுபது நொடி ஓட்டம், தொண்ணூறு நொடி நடை, மொத்தம் இருபது நிமிடம். நடையைக் கலந்து ஓடுவது புதிதல்ல. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பத்தாயிரம் மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே, அதற்குப் பிறகு தொடக்கக்காரர்களுக்கு அதையே ஒரு முறையாக வகுத்துக் கற்றுக்கொடுத்தார். ஒன்பது வாரத் திட்டத்தின் சூட்சுமம் ஐந்தாம் வாரத்தில் இருக்கிறது. இரண்டாம் நாள் எட்டு நிமிடமாக இரண்டு தவணை ஓடச் சொல்லும். மூன்றாம் நாள் திடீரென்று இருபது நிமிடம் நிற்காமல் ஓடச் சொல்லும். இரண்டு நாளில் உடம்பு அவ்வளவு மாறாது. முந்தைய நாளே உடம்பு தயாராக இருந்திருக்கிறது, ஆளுக்குத்தான் தெரியவில்லை. அந்த நாளுக்கு முந்தின இரவு தூக்கம் வராதவர்கள் பலரை எனக்குத் தெரியும். நீங்களும் அதைத்தான் இரண்டு முறை ஒத்திப்போட்டதாக எழுதியிருக்கிறீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஓடக் கற்றவர் வாழ்க்கையில் எதையும் வெல்வார் என்கிற மாதிரியான பேச்சு நிறைய உலவுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. பாண்டுரா சொன்ன நம்பிக்கை அந்தந்த வேலையைச் சார்ந்தது. ஓட்டத்தில் வந்த துணிச்சல் மேலதிகாரியிடம் பேசும்போதும் வந்து நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது. சிலருக்கு வந்திருக்கிறது, பார்த்திருக்கிறேன். ஓட்டத்தில் புலியாகவும் மற்றதில் பழைய ஆளாகவும் இருப்பவர்களை அதைவிட அதிகமாகப் பார்த்திருக்கிறேன்.

இனி சுரப்பி விஷயம். உடலே உண்டாக்கும் வலி தணிக்கும் பொருளான எண்டார்ஃபின் சுரந்து மூளையை மயக்குகிறது என்பது பல காலமாகச் சொல்லப்படும் கதை. 2008-இல் ஜெர்மனியில் பத்து ஓட்டக்காரர்களை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு மூளையைப் படமெடுத்தபோது, அந்த வகைப் பொருள்கள் வேலை செய்வதற்கான அறிகுறிகள் தெரிந்தன. ஆனால் 2015-இல் எலிகளை வைத்து நடந்த ஆய்வு, பதற்றம் தணிவதற்கும் வலி குறைவதற்கும் எண்டோகன்னபினாய்டு என்கிற வேறொரு குடும்பத்துப் பொருள்களே காரணம் என்று காட்டியது. 2021-இல் எண்டார்ஃபின் வேலை செய்யும் வழியை மருந்தால் அடைத்துவிட்டு மனிதர்களை ஓடவிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் அந்தப் பரவசம் குறையவில்லை. ஆக, ஓடியதும் வரும் மிதப்பில் வேதியியலுக்குப் பங்கு உண்டு என்பது உறுதி, எந்தப் பொருளுக்கு எவ்வளவு பங்கு என்பதில்தான் இன்னும் விவாதம். உங்கள் கேள்விக்கு இது அவ்வளவு முக்கியமில்லை. அந்த மிதப்பு சில மணி நேரத்தில் இறங்கிவிடும். நீங்களோ ஒரு வாரம் கழித்து, நாற்காலியில் உட்கார்ந்து, இதை எழுதியிருக்கிறீர்கள். எழுதும்போதும் நெஞ்சு நிறைந்திருக்கிறது. அதற்குச் சுரப்பியைக் காரணம் காட்டினால், பரீட்சையில் தேறிய மகிழ்ச்சிக்கும் அதையே காட்ட வேண்டியிருக்கும்.

வேகத்துக்கு வருவோம். நீங்கள் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ எட்டரை நிமிடம் எடுத்துக்கொள்கிறீர்கள். 2023-இல் சிகாகோவில் கெல்வின் கிப்டம் மாரத்தானை இரண்டு மணி நேரம் 35 நொடியில் முடித்தபோது ஒரு கிலோமீட்டருக்கு அவர் எடுத்தது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. அவரோடு ஒப்பிட்டால் நீங்கள் மட்டுமல்ல, நானும் நிற்கிறேன் என்றுதான் தோன்றும். ஓட்டத்தையே தொழிலாகக் கொண்டவர்களுக்கும் இந்த அடி விழுந்திருக்கிறது. அமெரிக்காவின் ஒரேகான் பல்கலைக்கழகத்தில் பெயர்பெற்ற பயிற்சியாளராக இருந்த பில் போவர்மேன், 1962 வாக்கில் நியூசிலாந்துக்குப் போய் அங்கே ஓட்டப் பயிற்சியாளராக இருந்த ஆர்தர் லிடியார்டைச் சந்தித்தார். அங்கே வயதானவர்களும் சேர்ந்து மெல்லோட்டம் ஓடும் குழுவோடு ஒருநாள் அவரும் போனார். அப்போது அவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. எழுபதைக் கடந்த ஒருவர் கூடவே ஓடிப் பேச்சுக் கொடுத்தும் போவர்மேனால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஓடுகிறவர்களை உருவாக்கிய மனிதருக்குத் தானே ஓடுவது தெரியவில்லை. அவர் வெட்கப்பட்டதோடு நிற்கவில்லை. ஊர் திரும்பியதும் சாதாரண மக்களுக்கு மெல்லோட்டம் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்.

2004 அக்டோபர் 2-ஆம் தேதி லண்டனின் புஷி பூங்காவில் பதின்மூன்று பேரோடு தொடங்கிய பார்க்ரன் என்னும் வாராந்திர ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் இன்று பல நாடுகளில் நடக்கிறது. அதில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. எல்லாருக்கும் பின்னால் ஒரு தன்னார்வலர் நடந்து வருவார். ஆகவே ஓட வந்தவர் யாரும் கடைசியாக வருவதே இல்லை. பாராட்டுக்காக இதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு சின்ன அசைவுக்கும் பதக்கம் கொடுக்கும் கைப்பேசிச் செயலிகள் எனக்கு எரிச்சலூட்டுகின்றன. எதற்கும் பதக்கம் என்றால் உண்மையாகக் கடந்த இடத்துக்கும் மதிப்பில்லாமல் போகிறது. உங்கள் வேகம் சாதாரணமானது, அதைப் பெருமை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். நீங்கள் பெருமைப்படுவது வேகத்துக்காக அல்ல என்பதால் கூச்சமும் தேவையில்லை. வீட்டில் சிரித்தவர்கள் முப்பதாம் நிமிடத்தை மட்டும் கேள்விப்பட்டவர்கள். அறுபது நொடி ஓடிவிட்டு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற முதல் நாளை அவர்கள் பார்க்கவில்லை.

இப்போது ஆபத்தைச் சொல்கிறேன். இதயமும் ரத்தமும் சில வாரங்களில் மாறிக்கொள்கின்றன. தசைநாண்களும் எலும்பும் அப்படி அல்ல. அவை உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். மூச்சு "இன்னும் ஓடலாம்" என்று சொல்கிற நாளில் முன்கால் எலும்பு "பொறு" என்று சொல்லிக்கொண்டிருக்கும், அதன் குரல் மட்டும் தாமதமாகத்தான் கேட்கும். என் கதையே அதற்குச் சாட்சி. முதன்முதலில் ஐந்து கிலோமீட்டர் ஓடிய மகிழ்ச்சியில் மறுநாளும் ஓடினேன், அதற்கு மறுநாளும் ஓடினேன். மூன்று வாரம் ஒருநாள் விடாமல் ஓடினேன். நான்காம் வாரம் கெண்டைக்காலுக்கு உட்புறம், எலும்பின் மேல் ஒரே ஒரு புள்ளியில், கட்டைவிரலால் அழுத்தினால் துள்ளுகிற வலி. நடந்தாலும் வலித்தது. இரண்டு மாதம் ஓட்டமே இல்லாமல் வீட்டில் கிடந்தேன். பெருமை செய்த வேலை அது.

எவ்வளவு கூட்டலாம் என்பதில் வாரத்துக்குப் பத்து சதவீதம் என்றொரு விதி எங்கும் சொல்லப்படுகிறது. அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொள்வதில்லை. நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் ஐந்நூறுக்கு மேற்பட்ட புதியவர்களை வைத்து 2008-இல் வெளியான ஆய்வில், பத்து சதவீத விதியை ஒட்டி மெல்லக் கூட்டியவர்களுக்கும் வழக்கமான திட்டத்தில் ஓடியவர்களுக்கும் காயம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது; இரண்டு பக்கமும் ஐந்தில் ஒருவர். ஆகவே இனி நான் சொல்வது ஆய்வு முடிவு அல்ல, அனுபவம். இன்னும் ஒரு மாதம் இதே முப்பது நிமிடம், இதே வேகம், வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒருநாளாவது ஓய்வு. அடுத்த மாதம் ஒரு நாளை மட்டும் முப்பத்தைந்து நிமிடமாக்குங்கள். அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இந்த ஆண்டு வேண்டாம். எலும்பில் ஒரு புள்ளியில் வலித்தால், ஓடும்போது நெஞ்சு இறுகினால், தலை சுற்றிக் கண் இருண்டால், அதற்குப் பயிற்சியாளரிடம் பதில் இல்லை. ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். முழங்கால் தேய்ந்துவிடும் என்று உங்கள் அத்தை பயமுறுத்தியதாக எழுதியிருந்தீர்கள். பொழுதுபோக்காக ஓடுகிறவர்களுக்கு மூட்டுத் தேய்மானம், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களைவிடக் குறைவாகவே காணப்படுகிறது. ஓட்டம்தான் காக்கிறதா, நல்ல மூட்டு உள்ளவர்கள்தான் ஓடுகிறார்களா என்பது வேறு கேள்வி. ஏற்கெனவே முழங்காலில் அடிபட்டவர்களுக்கும் இதை அப்படியே பொருத்தக் கூடாது.

கடைசியாக, எத்தனை நாள் தங்கும்? போன வாரம் வந்த அந்தக் கண்ணீர் மறுபடி வராது. முதல் வாரங்களில் ஒவ்வொரு முறையும் நேற்று முடியாதது இன்று முடிந்தது. அந்த வேகத்தில் உடல் என்றைக்கும் முன்னேறிக்கொண்டிருக்காது. ஆறேழு மாதத்தில் ஒரு சமவெளி வரும், வாரக்கணக்கில் ஒன்றும் மாறாது. என்னிடம் வந்தவர்களில் அந்த இடத்தில் கழன்றுகொண்டவர்கள் பெரும்பாலும் சோம்பேறிகள் அல்ல. முதல் நாளின் உணர்வையே தேடித் தூரத்தைக் கூட்டி, வேகத்தைக் கூட்டி, காயப்பட்டு அல்லது சலித்து நின்றவர்கள். தொடர்ந்தவர்களிடம் அந்த உணர்வைப் பற்றிக் கேட்டால் யோசித்துத்தான் சொல்வார்கள். ஓடப் போகலாமா வேண்டாமா என்று மனத்துக்குள் நடந்த வாதம் எப்போது நின்றதென்றே தெரியவில்லை என்பார்கள். ஒரு மாதம் ஓடாமல் இருந்தாலும் பயமில்லை என்பார்கள். அது சரிதான். ஓட்டத்தை விட்டால் கூடின பிளாஸ்மா சில வாரங்களில் குறைந்துவிடும், மூச்சு மறுபடி இரைக்கும். ஆனால் அந்த இரைப்பு எந்த இடத்தில் அடங்கும் என்பது மறந்துபோகாது.

நாளைக் காலை மறுபடி ஓடப் போவதாகவும், போன முறை நடந்தது தற்செயலாக இருந்துவிடுமோ என்று பயமாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். முதல் எட்டு நிமிடம் மோசமாகத்தான் இருக்கும்.